குனிய வேண்டாம்

விரட்டுங்க, வேணாங்கல. ஆனா கேட்டுட்டு விரட்டுங்க. எனக்கு நடந்த அநியாயத்த வரிசையாச் சொல்றேன். வரிசை மாறாது. நிர்வாகத்துக்கு எதிர்ல உக்காந்து ஒண்ணு, ரெண்டுன்னு விரல் மடக்கிப் பேசினவ நான். இந்தாங்க, பாருங்க, சுண்டுவிரல் பாதிதான் இருக்கு. மீதிய மிஷின் தின்னுச்சு. அதனால என் முதல் கோரிக்கை எப்பவுமே கொஞ்சம் குட்டையாத் தெரியும். குட்டையா இருந்தது விரல்தான், கோரிக்கை இல்ல.

ஒண்ணு, போலீசு. மேம்பாலத்துக்கு அடியில நான் வெச்சிருந்த தகர டப்பாவ எவனோ குண்டுன்னு சொல்லிட்டான். ரோட்ட மறிச்சு, நாயக் கூட்டிட்டு வந்து, தூரத்துல நின்னு கயிறு கட்டி இழுத்தாங்க. உள்ள என்ன? துண்டுப் பென்சில், ஒரு சோப்பு, கையெழுத்துப் போடறதுக்குச் சுருட்டி வெச்ச தாளு. நானே போயி, ஐயா இது என்னோடதுன்னேன். அதான் நான் பண்ண மடத்தனம். இன்ஸ்பெக்டர் என் பேரத் தட்டினாரு. மறியல், முற்றுகை, சட்டவிரோதமாக் கூடினதுன்னு கம்ப்யூட்டர்ல முழ நீளத்துக்கு வந்து விழுந்துச்சு. இனி பொது இடத்துல எந்த டப்பாவையும் தொட மாட்டேன்னு எழுதி வாங்கிக்கிட்டாரு. டப்பா ஆலையில கை வெச்சு வளந்தவகிட்ட.

ரெண்டு, என் பையன். ஸ்டேஷன்ல இருந்து அவன்தான் கூட்டிட்டு வந்தான். மறுநாள் என் போன எடுத்துக்கிட்டு, ஒரு பட்டன் போனக் கையில திணிச்சான். உனக்குப் பேசறதுக்கு இது போதும்மாங்கறான். பேச்சுவார்த்தையே இல்லாம ஒருதலப்பட்சமான முடிவு. வன்மையாக் கண்டிச்சேன். அவன் குளிக்கப் போயிட்டான்.

மூணு, மருமக. முட்டி ஆபரேஷன் ஆச்சா, நான் வெளிய போயி விழுந்துடுவேன்னு வேலைக்குப் போறப்ப வெளிப்பக்கமாப் பூட்டிட்டுப் போறா. நல்ல பொண்ணுதான். என் தலைக்கு எண்ண தேச்சு விடறவதான். ஆனா இதுக்குப் பேரு கதவடைப்பு. எந்தப் புத்தகத்துல வேணாப் பாருங்க.

நாலு, நான் ஆடற டப்பா ஆட்டத்துல கூட ஆடறவங்களே. அதான் மனசு விட்டுப் போச்சு. டப்பா வெச்சவ வந்து அப்பப்பப் பாத்துக்கணும், நனஞ்ச தாள மாத்தணும், அது விதி. நான் பூட்டின வீட்டுக்குள்ள இருந்தா எப்படிப் பாப்பேன்? பராமரிப்பு இல்லன்னு என் டப்பா ஒவ்வொண்ணா மேப்புல இருந்து எடுத்துட்டாங்க. ஒரு விளக்கம் கேக்கல. நம்ம ஆளுங்க தட்டினா சத்தம் வராது, வலி மட்டுந்தான் வரும்.

அஞ்சு இருக்கு. அத ஒத்தி வெச்சிருக்கேன், கடைசியில சொல்றேன். நிகழ்ச்சி நிரல்ல அப்படி ஒரு வசதி உண்டு.

ஆறு, எங்க பழைய ஆலை வாசல மறிச்சு நிக்கற இந்தத் தகர வேலி. வேலிக்கு முன்னாடி ஸ்டூல் போட்டு நீங்க.

கோச்சுக்காதீங்க வாட்ச்மேன். உங்க மேல எனக்கு ஒண்ணும் இல்ல. எத்தன மணி நேர வேலை? பன்னெண்டா? அதான பாத்தேன். எட்டு மணி நேரத்துக்காக மண்ட ஒடஞ்சவங்க இந்த வாசல்லயே உண்டு. சரி, அத அப்புறம் பேசலாம். ஹெல்மெட் குடுத்திருக்காங்களே, அதுவரைக்கும் பரவால்ல. வாட்ச்மேன்னே கூப்பிடறேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. எல்லாரும் தம்பி தம்பிம்பாங்க, எனக்கு அந்த வார்த்த வாயில வராது. பல வருஷமா வராது.

எப்படி வெளிய வந்தேனா? பின்கதவுக் கீல ஸ்க்ரூடிரைவர் போட்டுக் கழட்டினேன். இந்தாங்க, ஸ்க்ரூ பையிலதான் இருக்கு. சாயங்காலத்துக்குள்ள போயி மாட்டிடணும். மருமக பாத்தா அழுவா. திட்டினாக்கூடத் தாங்கிக்கலாம்.

என்ன ஆட்டமா? ஜியோகேஷிங்னு பேரு. எனக்கு டப்பா ஆட்டம். ஒருத்தர் ஒரு டப்பாவ எங்கயாவது ஒளிச்சு வெச்சுட்டு, இடத்த மேப்புல குறிச்சு விடுவாரு. போன்ல பாத்துக்கிட்டே நீங்க போகணும். பக்கத்துல போனதும் போன் கைய விரிச்சுடும், அதுக்கப்புறம் உங்க கண்ணுதான். கண்டுபிடிச்சா உள்ள இருக்கற தாள்ல பட்டப்பேரு எழுதி, இருந்த மாதிரியே வெச்சுட்டு வந்துடணும். உள்ள இருக்கற சாமான் எதையாவது எடுத்தா பதிலுக்கு ஒண்ணு வைக்கணும். ஆட்டம் தெரியாதவங்க யாராவது பாத்துக்கிட்டு இருந்தா டப்பாவத் தொடவே கூடாது. அவ்வளவுதான். பரிசு கிரிசு ஒண்ணும் கெடையாது.

சிரிக்கிறீங்க. என் பையனும் சிரிச்சான். நீ என்ன சின்னக் கொழந்தையாம்மான்னான். மாடி வீட்டு நர்ஸுதான் முதல்ல காட்டிக் குடுத்தா, நடந்தா சக்கர குறையும்னு. முதல் டப்பா ஒரு பஸ் ஸ்டாப் கம்பிக்குப் பின்னாடி, காந்தம் வெச்சு ஒட்டியிருந்துச்சு. அவ சுத்திச் சுத்தி வரா, நான் நேராக் கையக் குடுத்து எடுத்துட்டேன். எப்படி ஆன்ட்டின்னு வாயப் பொளந்தா. எப்படின்னா, சங்கத்துக்குத் தடை போட்டிருந்த காலத்துல ஊர் பூரா நோட்டீசு ஒளிச்சு வெச்ச கை இது. கொழாய் முன, தளர்ந்த செங்கல், தண்ணித் தொட்டிக்கு அடி, எல்லாம் இந்தக் கைக்குத் தெரியும். நான் பள்ளிக்கூடம் போனவ இல்லீங்க. அந்த நோட்டீசுலதான் எழுத்துக் கூட்டிப் படிச்சேன். மொத மொதல்ல நானாப் படிச்ச வார்த்த சுரண்டல். ஆட்டத்துல என் பட்டப்பேரும் அதான். சுரண்டல் இல்லீங்க, நோட்டீசு.

அப்பதான் கோட்டான். அதுவும் பட்டப்பேருதான். இந்த ஊர்ல இருக்கற டப்பாவுல பாதி அவன் வெச்சது. சாதாரண டப்பா இல்ல, இந்த ஆலையில பண்ண பழைய தகர டப்பா, மூடி ஓரம் மடிப்புப் பிசிறில்லாம இருக்கும். தொறந்தா சத்தம் வராது. ஒரு நாள் அவன் டப்பாவுல தையல்காரங்க கோடு போடற சாக்கட்டி இருந்துச்சு, எடுத்துக்கிட்டேன். நான் பதிலுக்கு, மூக்குக் கண்ணாடிய மாட்டிக் கழுத்துல போட்டுக்கற கயிறு ஒண்ணு வெச்சேன். அடுத்ததுல என் பேருக்கு நேரா, கயிறு உபயோகமா இருக்குன்னு ஒரு வரி. அதுக்கடுத்ததுல மூட்டு வலித் தைலம். நான் குளிருக்குக் காதுல சுத்துற துணி வெச்சேன். இப்படியே போச்சு. பேசிக்கிட்டது கெடையாது.

என்ன, அவன் அவன்னு சொல்றேனா? ஆமா. வாயில அப்படி வந்துடுச்சு. விடுங்க.

ஒரே ஒரு தடவ நேர்ல பாத்தேன். நூலகத்துச் சுவர்ல, போஸ்டர் ஒட்டற பலகைக்குப் பின்னாடி டப்பா. நான் போயி நின்னா, எதிர்ப் பக்கம் நடபாதையில நிக்கறான், பேப்பர விரிச்சு வெச்சுக்கிட்டு. தல நரச்சுப் போச்சு. கழுத்துல நான் வெச்ச கயிறு, அதுல கண்ணாடி. யாராவது பாத்தா தொடக் கூடாதுல்ல? நான் நின்னேன். அவனும் நின்னான். நான் ரோட்டப் பாக்கறேன், அவன் பேப்பரப் பாக்கறான், அந்தப் பேப்பர் தலகீழா இருக்கு. கடைசியில மடிச்சுக் கக்கத்துல வெச்சுக்கிட்டு, முதுகத் திருப்பி நின்னுக்கிட்டான். நான் எடுத்து எழுதி வெக்கற வரைக்கும் திரும்பல. சரின்னு நானும் திரும்பிப் பாக்காம வந்துட்டேன். பஸ் ஏறினதுக்கப்புறம் பாத்தேன். அப்பவும் முதுகத்தான் காட்டிட்டு நிக்கறான், மடையன்.

ஒரு தடவ ஆட்டத்துல எல்லாரும் பாக்கற எடத்துல எழுதினேன், முட்டி ஒத்துழைக்கல, குனிஞ்சு தேட முடியல, இதோட விட்டுடலாம்னு இருக்கேன்னு. நான் எழுதினது ஊருக்கு. அதுக்கப்புறம் கோட்டான் வெச்ச ஒரு டப்பாகூடத் தரையில இல்ல. எல்லாம் நின்னா கை எட்டற உயரம். பழச எல்லாம் போயி மேல ஏத்தி வெச்சிருக்கான், மேப்ப மாத்தியிருக்கான். மத்த ஆட்டக்காரங்க கேட்டாங்களாம், என்ன கோட்டான், உங்க டப்பா எல்லாம் ரொம்ப சுலபமாயிடுச்சேன்னு. அதுக்கும் பதில் சொல்லல. அவன் எதுக்குப் பதில் சொன்னான்.

அதான் சொல்றேன் வாட்ச்மேன், அவன் வெச்ச கடைசி டப்பா உங்க வேலிக்கு உள்ள இருக்கு. அந்த இடது தூண்ல. நர்ஸு போன்ல படிச்சுக் காட்டினா. குறிப்புன்னு ஒண்ணு குடுக்கலாம், அதுல ரெண்டே வரி. இடது தூண். குனிய வேண்டாம். அவன் வெச்ச மறு வாரமே வேலி போட்டுட்டாங்க, ஒருத்தரும் உள்ள போயி எடுக்கல. மத்தியானம் மிஷின் தூண இடிக்குதுன்னு ரோட்ல பேசிக்கிட்டாங்க. அந்த மஞ்ச மிஷின்தான? உள்ள ஒருத்தர் உக்காந்து பல்லு குத்திக்கிட்டு இருக்காரு பாருங்க, அவருதான ஓட்டுறவரு? சாப்பாடு முடிஞ்சு மிஷினக் கெளப்பிட்டாருன்னா முடிஞ்சுது.

உள்ள விட்டா உங்க வேல போயிடும். தெரியும். ஒருத்தர் வேலையப் பறிக்கற வழக்கம் எனக்கில்ல, எனக்குத்தான் அது நடந்திருக்கு. இந்த வாசல்லதான்.

நின்னுக்கிட்டே சொல்றேன். இது டப்பா ஆலையா இருந்தப்ப நாங்க வேலைநிறுத்தம் பண்ணோம். விரல் போனா மருத்துவம், அதான் கோரிக்கை. பெருசா ஒண்ணும் கேக்கல. ஒவ்வொருத்தருக்கும் பித்தளையில ஒரு டோக்கன் உண்டு, நம்பர் அடிச்சது. அதக் காட்டினாத்தான் கேட்டுக்குள்ள விடுவான். நாங்க எல்லாரும் டோக்கன ஒரு துணிப்பையில போட்டோம். பை என் வீட்டு அடுப்படி ஆணியில தொங்குச்சு. பை தொங்கற வரைக்கும் எவனும் உள்ள போக மாட்டான்னு சத்தியம் மாதிரி. நிர்வாகம் என்னென்னமோ ஆசை காட்டிச்சு, ஒருத்தரும் அசையல. ஒரு நாள் காலையில பாத்தா ஒருத்தன் கேட்டுக்குள்ள போறான். கையில டோக்கன். பைய எண்ணிப் பாத்தா ஒண்ணு குறையுது. யாரு எடுத்திருக்க முடியும், என் அடுப்படிக்குள்ள வந்து? வெளியாளா வருவான்?

கருங்காலிக்கு எங்க சங்கத்துல ஒரு மொற இருந்துச்சு. அடிக்க மாட்டோம், கல்லெறிய மாட்டோம். கேட்டுக்கு முன்னாடி ரெண்டு பேரச் சாட்சியா நிறுத்தி அவன் பேர வாசிப்போம். செக்‌ஷன், டோக்கன் நம்பர், பேரு. வீட்டுப் பேரு இல்ல, ஆலையில யாருக்கு வீட்டுப் பேரு தெரியும், பட்டப்பேருதான். வாசிச்சாச்சுன்னா அதோட அவன் இல்ல. தண்ணி கேட்டாத் தர மாட்டாங்க, எதிர்ல வந்தா பாக்க மாட்டாங்க. வாசிக்கற வேல என்னோடது, தொண்ட எனக்குத்தான் பெருசு. அன்னிக்கும் நான்தான் வாசிச்சேன். எல்லாரும் என் மூஞ்சியவே பாத்தாங்க. குரல் பிசிறல. செத்தாலும் இவன் மொகத்துல முழிக்க மாட்டேன்னு மைக்குல சேத்துச் சொன்னேன், அது மொறையில இல்ல, நானாச் சொன்னது.

தப்புன்னு சொல்லச் சொல்றீங்களா? சொல்ல மாட்டேன். அவன் போனது போனதுதான். ஏன் போனேன்னு அன்னிக்கும் சொல்லல, அப்புறமும் சொல்லல. ஊமைக் கோட்டான் மாதிரி நின்னான். எங்கம்மா அப்ப படுத்த படுக்க. அந்த மாசம் மருந்து நிக்காம வந்துச்சு. யாரு வாங்கறதுன்னு நான் கேக்கல. கேட்டா பதில் தெரிஞ்சுடும்.

தோத்தோம். ஆலையும் மூடிட்டாங்க. சங்கமும் போச்சு. பை என்கிட்டதான் இருக்கு. யாரும் திரும்ப வந்து கேக்கல.

அட, ஆமாங்க. அந்தக் கோட்டான்தான் இந்தக் கோட்டான். எனக்கு முதல் நாளே தெரியும், முதல் டப்பாவுலயே. அவனுக்கும் தெரியும், ஊர்ல வேற எவ நோட்டீசுன்னு பேரு வெப்பா? தெரிஞ்சேதான் ரெண்டு பேரும் வெளையாடினோம். பேரு வாசிச்சதுக்கப்புறம் பேசக் கூடாது. பேசல. விதிய மீறலியே. டப்பாவுக்கும் சங்கத்துக்கும் என்ன சம்பந்தம்?

அஞ்சாவதா? கேட்டீங்களே. நானே மறந்துடுவேன்னு பாத்தேன்.

அஞ்சாவது ஒண்ணும் பெருசில்ல. அவன் செத்துட்டான். எனக்கு யாரும் சொல்லல. அவன் தெருவுல இஸ்திரி போடறவரு வீடு தேடி வந்திருக்காரு, என் பையன் வாசல்லயே வெச்சு, அம்மா தூங்கறாங்கன்னு அனுப்பிட்டான். நான் தூங்கல. உள்ள பட்டாணி உரிச்சுக்கிட்டு இருந்தேன். யாருடா வந்ததுன்னேன், கேஸ் சிலிண்டர்காரன்னான். எல்லாம் முடிஞ்சு எவ்வளவோ நாள் கழிச்சு, நர்ஸு போன்ல அந்தக் கடைசி டப்பாவுக்குக் கீழ எவரோ எழுதியிருந்ததப் படிச்சா. கோட்டான் இனிமே இல்ல, அவரு டப்பாவ மத்தவங்க பாத்துக்கோங்கன்னு. அவளுக்கு என்ன தெரியும் பாவம், அது வெறும் ஆட்டக்காரன்னு நெனச்சுக்கிட்டு, அடுத்தது பாக்கலாமா ஆன்ட்டின்னு கேக்கறா.

பையனக் கேட்டேன். நீதானம்மா செத்தாலும் முழிக்க மாட்டேன்னு சொன்னேங்கறான். சொன்னேன்டா. சொன்னவ நான், மீறினாலும் நான்தான் மீறணும். அத அமல்படுத்த உன்ன யாரு கமிட்டியில போட்டா? அதுக்கு, உனக்கு பிபிம்மான்னான்.

அழல வாட்ச்மேன். வெயில்ல கண்ணு கூசுது.

வாசிச்ச பேரத் திரும்ப எடுக்கவும் மொற உண்டு. அதச் சொல்லல பாருங்க. அதே கேட்டு, அதே குரல், ரெண்டு சாட்சி. இதுவரைக்கும் யாருக்கும் செஞ்சதில்ல. மத்தியானத்துக்கு மேல கேட்டும் இருக்காது. அதான் காலையில இருந்து உங்க உசுர வாங்கறேன். டப்பா இல்லன்னாலும் வந்திருப்பேன். டப்பா இருக்கறதால ரெண்டையும் ஒரே நடையில முடிச்சுக்கலாம்னு.

தொறக்கறீங்களா? சாவியப் பாத்துப் போடுங்க. யாராவது கேட்டா கெழவி தள்ளிட்டுப் போயிட்டான்னு சொல்லுங்க, என் பேருல இன்னொரு கேஸ் தாங்கும். பிடிக்க வேண்டாம், நடந்துடுவேன். ஹெல்மெட்டா? குடுங்க, சட்டம் சட்டந்தான்.

இதான் தூண். பாருங்க, இந்த ஓட்டை. கேட்டோட இரும்புத் தாழ்ப்பாள் வந்து நொழையற ஓட்டை இது. கதவடைப்பு அன்னிக்கு டமார்னு உள்ள போச்சே, அந்தச் சத்தம் இன்னும் காதுல இருக்கு. இங்க கொண்டு வந்து வெச்சிருக்கான் பாருங்க. நேரா என் தோள் உயரம். கொஞ்சங்கூடக் குனிய வேண்டியதில்ல.

இருக்கு. தகரம் தட்டுப்படுது. வாங்க வெளிய. மடிப்பப் பாத்தீங்களா, பிசிறு கெடையாது, இந்த மடிப்ப அவனுக்குச் சொல்லிக் குடுத்ததே நான்தான்.

தாளு. முதல் வரியில அவன் பேரு. கீழ எல்லாம் காலி, எனக்கு விட்டிருக்கான். பென்சில் சீவி வெச்சிருக்கான். அடியில என்னமோ கெடக்கு, துணி சுத்தி. நீங்க பிரிங்க, எனக்கு இந்த விரலு தோதுப்படாது. என்ன அது, காசா? பித்தளையா? இப்படிக் குடுங்க. கண்ணாடிய எங்க வெச்சேன்.

இருங்க. இந்தா, மாட்டிக்கிட்டேன்.

தேச்சு வெச்சிருக்கான் பாருங்க. நம்பர் பளிச்சுனு தெரியுது. எடுத்தா திரும்ப வைக்கணும், இல்ல? அதான் ஆட்டம்.

நான் பதிலுக்கு வெக்க ஒண்ணும் கொண்டு வரல. பையில ரெண்டு ஸ்க்ரூதான் இருக்கு.

மிஷின்காரரே. இங்க கொஞ்சம் எறங்கி வாங்க. சாப்பிட்ட கை காஞ்சா பரவால்ல, அப்படியே வாங்க. வாங்க தம்பி. நீங்களும் இப்படி வந்து நில்லுங்க தம்பி, அவரு பக்கத்துல. ஒண்ணும் செய்ய வேண்டாம், நின்னு கேட்டாப் போதும். நாளைக்கு யாராவது கேட்டா, எங்க காதால கேட்டோம்னு சொல்லணும், அவ்வளவுதான்.

மைக் இல்ல. தேவையில்ல.

இதே கேட்டு. இதே குரல். சாட்சி ரெண்டு பேரு. பிரஸ் செக்‌ஷன். டோக்கன் நம்பர் முன்னூத்திப் பன்னெண்டு, பைக்குத் திரும்ப வந்துடுச்சு. பேரு கோட்டான். என் தம்பி கோட்டான்.